ஆட்டிசம் உள்ள பையனுக்கு ஏ.டி.எச்.டி.யும் இருக்குமா?

தஞ்சை அம்மா:
மகன் நான்காம் வகுப்பு. நான்கு வயதிலேயே ஆட்டிசம் என்று உறுதியாகி, பேச்சுப் பயிற்சியும் தெரபியும் நடக்கின்றன. இப்போது பார்க்கிற மருத்துவர் ஏ.டி.எச்.டி.யும் (கவனம் நிற்காமை, மிகையான துறுதுறுப்பு) சேர்ந்திருக்கிறது, மாத்திரை பற்றி யோசிக்கலாம் என்கிறார். முன்பு பார்த்த மூத்த மருத்துவரோ, "ஆட்டிசம் என்றாலே இதெல்லாம் இருக்கும், இரண்டு பெயர் வைக்கக் கூடாது" என்று அடித்துச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பள்ளியிலிருந்து மேல வீதி வழியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும் அவனுக்கு. அங்கே சாலையைத் தோண்டியிருந்த அன்று ஸ்கூட்டரைத் தெற்கு வீதிக்குத் திருப்பினேன், ஊரைக் கூட்டிவிட்டான். ஒழுங்குக்கு இவ்வளவு அடம்பிடிக்கிறவன், பாட்டில் மூடிகளை நிறவாரியாக அடுக்க உட்கார்ந்தால் பச்சை வரிசை முடிவதற்குள் எழுந்து போய்விடுகிறான். ஒரு காலில் ஷூவோடு மற்றதைத் தேடிப் போகிறவன் மாடியில் காகத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறான். மாமியார் சேட்டை என்கிறார், எதிர்வீட்டில் வளர்ப்புச் சரியில்லை என்கிறார்கள்.

கரும்பலகை (சிறப்பு ஆசிரியர், மதுரை):
மூத்த மருத்துவர் பொய் சொல்லவில்லை, பழைய பாடத்தைச் சொல்கிறார். 1994இல் வந்த டி.எஸ்.எம்-4 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின்படி, ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஏ.டி.எச்.டி. என்று தனியே எழுத வழியில்லை. 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 அந்தத் தடையை எடுத்துவிட்டது. என் வகுப்பில் இரண்டும் உள்ள பிள்ளைகள்தான் அதிகம்.

ஆனால் இடத்தைவிட்டு எழுந்து ஓடுவதை மட்டும் வைத்து முடிவுகட்ட விடாதீர்கள். மின்விசிறி கடகடக்கிறது, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள், அதைத் தாங்க முடியாமலும் எழுந்து ஓடுவான். அமைதியான அறையில், தனியாக, அவனுக்குப் பிடித்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். அங்கேயும் பாதியில் நழுவினால் அது வேறு கதை, ஏ.டி.எச்.டி. பற்றி யோசிக்கலாம். உங்கள் பாட்டில் மூடிக் கதையை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். மதிப்பெண் தாளைவிட அது அதிகம் பேசும்.

வீட்டில் பட அட்டவணை (அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசையில் ஒட்டுவது) வைத்திருந்தால் முதல் படமும் கடைசிப் படமும் மாறவே வேண்டாம். நடுவில் உள்ளவற்றை அவனே வரிசை மாற்றி ஒட்டட்டும். ஒரே வரிசை சலித்துப்போகும், முழுதும் மாற்றினால் அழுவான்.

நலம்விரும்பி:
வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திப் பாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

திருச்சி அப்பா:
சர்க்கரையால் துறுதுறுப்பு கூடுவதில்லை என்று 1990களிலேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள் ஐயா. குழந்தையின் கேசரியை விட்டுவிடுங்கள்.

சகோதரி, என் மகளுக்கு நடந்தது தலைகீழ். முதலில் ஏ.டி.எச்.டி. என்றார்கள். தோழிகள் சிரிக்கும்போது பார்த்துச் சிரிக்கப் பழகிக்கொண்டதால் ஆட்டிசம் யார் கண்ணிலும் படவில்லை. பத்தாம் வகுப்பில்தான் தெரிந்தது.

மாத்திரை விஷயம்: 2005இல் அமெரிக்காவில் ஆட்டிசம் வகையைச் சேர்ந்த 72 குழந்தைகளுக்கு மெத்தில்பெனிடேட் என்ற ஏ.டி.எச்.டி. மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பலன். 18 சதவீதம் பேர் பக்கவிளைவால் நிறுத்திவிட்டார்கள், பெரும்பாலும் எரிச்சல் தாங்காமல். ஏ.டி.எச்.டி. மட்டும் உள்ள பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாகவே வேலை செய்கிறது. அதனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. மிகக் குறைந்த அளவில் தொடங்கச் சொல்லுங்கள். எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் முதலிலேயே குறித்திருக்க வேண்டும். பசி குறையும், எனவே காலை இட்லி உள்ளே போன பிறகு மாத்திரை.

இன்னொன்று, யாரும் சொல்ல மாட்டார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. புதிய சான்றிதழ் எழுதும்போது ஆட்டிசம் என்ற பழைய பெயர் விடுபட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வுச் சலுகைக்கும் அடையாள அட்டைக்கும் அதுதான் பிடி.

தஞ்சை அம்மா:
சான்றிதழ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி அண்ணா. மாத்திரை தொடங்கினால் பள்ளியில் எப்படி இருக்கிறான் என்று வகுப்பு ஆசிரியையிடம் எழுதிக் கேட்கச் சொன்னார் மருத்துவர். அவரிடம் ஐம்பது பிள்ளைகள். எப்படிக் கேட்பது?

கரும்பலகை:
படிவம் கொடுக்காதீர்கள், மூலையில் கிடக்கும். டைரியில் மூன்று கட்டம் போட்டுக் கொடுங்கள்: இடத்தில் இருந்தானா, சாப்பிட்டானா, அழுதானா. டிக் அடிக்க வைத்தால் போதும். மாத்திரைக்கு முந்தைய வாரமே தொடங்கிவிடுங்கள், இல்லையென்றால் எதனோடு ஒப்பிடுவது?