படைவீரரின் மனைவி, பேச்சுச் சிகிச்சையாளர்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து:

வணக்கம். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் பேச்சுச் சிகிச்சைப் படிப்பை முடித்த நான், படிப்புக்குப்பின் அரசுச் சுகாதாரத் துறையில் செய்ய வேண்டிய கட்டாயச் சமூகப் பணி ஆண்டின் கடைசி மாதங்களில் இருக்கிறேன். கடற்படையில் பணியாற்றும் ஒருவருடன் வரும் தை மாதம் எனக்குத் திருமணம். அவருக்கு மாற்றல் வந்துகொண்டே இருக்கும், உன் படிப்பு வீணாகிவிடும் என்று ஆயா முதல் சித்தப்பா வரை எல்லோரும் கவலைப்படுகிறார்கள். இந்த வாழ்க்கையை வாழ்ந்துவரும் அக்காமார் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கேப் டவுன் அருகே உள்ள சைமன்ஸ் டவுனிலிருந்து:

தங்கைக்கு வாழ்த்துகள். முதலில் பதிவு பற்றிய அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனி உரிமம் என்பதால், 2023-இல் சட்டம் மாறும்வரை அங்குள்ள படைவீரர்களின் மனைவியர் மாற்றல்தோறும் அல்லாடினார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, எச்.பி.சி.எஸ்.ஏ. என்னும் தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில் மன்றத்தின் பதிவு ஒன்பது மாகாணங்களிலும் செல்லும். ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, 12 மாதங்களுக்கு 30 தொடர்கல்விப் புள்ளிகளை, அவற்றில் 5 தொழில் நெறி சார்ந்தவையாக இருக்கும்படி, சேர்த்துவந்தால் போதும். நம்முடன் வராதது அரசுப் பணியிடம்தான். அது அந்தந்த மாகாணச் சுகாதாரத் துறைக்கு உரியது என்பதால், உங்கள் குவாசூலு-நட்டாலில் நிரந்தரமாக இருந்தவர்கூட எங்கள் மேற்குக் கேப்பில் காலியிடம் அறிவிக்கப்படும்வரை காத்திருந்து, புதிதாக விண்ணப்பித்துத்தான் பெரும்பாலும் உள்ளே நுழைய வேண்டும்.

இதெல்லாம் காகித வேலை, எப்படியாவது முடிந்துவிடும். மாற்றலில் நமக்கு உண்மையிலேயே அடி விழுவது மொழியில். எக்ஸ்ரே எடுப்பவருக்கு எந்த ஊரிலும் எலும்பு ஒன்றுதான். நமக்கோ ஊர் மாறினால் குழந்தையின் வாயில் இருக்கும் ஒலிகளே மாறிவிடுகின்றன. டர்பனில் என்னிடம் வந்த குழந்தைகளில் பலர் சூலு பேசியவர்கள். அம்மொழியின் சொடுக்கொலிகள் சி, கியூ, எக்ஸ் என்ற மூன்று எழுத்துகளால் எழுதப்படுகின்றன. கியூ சொடுக்கு வரவேண்டிய இடத்திலெல்லாம் 'க' என்று சொல்லிவந்த ஒரு சிறுவனைக் கண்ணாடியின் முன் உட்காரவைத்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சட்டென்று விடுவிப்பதை நான் பலமுறை செய்து காட்டியும் பயனில்லை. அவனை அழைத்துவந்திருந்த பாட்டி, கோகோ என்றுதான் எல்லோரும் அழைப்போம், என்னைச் சற்று நகரச் சொல்லிவிட்டு, அவனை மடியில் ஏற்றிக் குலுக்கியபடி குதிரை நடக்கும் ஓசையை அதே சொடுக்கால் எழுப்பினார். சிரித்துக்கொண்டே அவனும் எழுப்பினான். அதன்பின் வீட்டுப் பயிற்சி முழுவதையும் அவரிடமே ஒப்படைத்தேன்.

சைமன்ஸ் டவுனுக்கு வந்தபோது, தொண்டையில் உரசி வரும் ஆஃப்ரிகான்ஸ் 'ஜி' ஒலியையும் உருட்டிச் சொல்லும் 'ர'கரத்தையும் நானே மாணவியாக உட்கார்ந்து பழக வேண்டியிருந்தது. இங்கு பலர் பேசும் கோசா மொழியிலும் அதே மூன்று எழுத்துகளில் சொடுக்குகள் உண்டு என்பதால், சூலுவில் பட்ட பாடு முற்றிலும் வீணாகவில்லை. படஅட்டைகளின் கதை தனி. வெளிநாட்டில் அச்சான அட்டைகளில் இருந்த அணிலை எங்கள் டர்பன் குழந்தைகளில் பலர் எலி என்றே சொன்னதால், அதை எடுத்துவிட்டு மினிபஸ் டாக்ஸி, ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ என்று நானே படம் பிடித்துச் சேர்த்திருந்தேன். கேப் டவுனிலோ கம்பெனிப் பூங்காவில் சாம்பல் அணில்கள் கையில் ஏறாத குறையாக ஓடுகின்றன. ஒதுக்கிவைத்த அட்டையைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று.

குழந்தைகளை விடக் கடினமானது பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களைப் பாதியில் விட்டுவருவது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பாட்டியம்மாவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்க வாய் வராது; ஆனால் கோயிலில் சிறுவயது முதல் பாடிவந்த தமிழ்ப் பக்திப்பாடலைத் தொடங்கிவைத்தால் அடி பிசகாமல் பாடுவார். மூளையின் இடப்பக்கம் பழுதடைந்தவர்களிடம் பாட்டு இப்படித் தப்பிப் பிழைத்திருப்பதை நாம் படித்திருக்கிறோம். நேரில் கேட்கும்போது மயிர்க்கூச்செறிகிறது. அந்த மெட்டிலேயே 'தண்ணி வேணும்' என்பதை ஏற்றிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் என் கணவருக்கு மாற்றல் ஆணை வந்தது. அடுத்து வரவிருந்த சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே பேத்தியையே பயிற்றுவித்தேன். எந்தச் சொல் எந்த மெட்டில், எந்த இடத்தில் கையைத் தட்ட வேண்டும் என்பதை எல்லாம் ஒலிப்பதிவாக்கி, அறிக்கையுடன் ஒப்படைத்துவிட்டு வந்தேன். மாற்றல் ஆணைக்காகக் காத்திராமல், ஒவ்வொரு நோயாளியின் வீட்டிலும் ஒருவரைத் தொடக்கத்திலிருந்தே பழக்கிவைப்பது இப்போது என் வழக்கமாகிவிட்டது.

வேலை நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனிப்பட்ட சிகிச்சைக்குப் பள்ளி விட்டபின், பிற்பகலில்தான் குழந்தைகள் வருவார்கள். நம் குழந்தையும் அதே நேரத்தில்தான் வீடு திரும்பும். 2011-இல் மொசாம்பிக் கால்வாயில் தொடங்கிய கடற்கொள்ளைத் தடுப்பு ரோந்து போன்றவற்றுக்குக் கணவர் போய்விட்டால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. காலையில் மழலையர் பள்ளிகளுக்கே நேரில் சென்று பார்க்கும் ஏற்பாட்டுக்கு நான் மாறிவிட்டேன். வருமானம் குறைந்ததை மறைப்பதற்கில்லை.

ப்ரிட்டோரியாவின் தாபா ட்ஷ்வானேயிலிருந்து:

சைமன்ஸ் டவுன் அக்கா எழுதியதோடு தரைப்படைக் குடியிருப்பின் ஒரு சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே பக்கத்து வீட்டுக்காரர்தான் நோயாளி. என் கணவருடைய மேலதிகாரியின் மகனுக்குத் திக்குவாய் என்று அவருடைய மனைவி என்னிடம் வந்தார். மறுத்தால் மனத்தாங்கல் வரும், ஏற்றால் குடும்ப இரகசியங்கள் என் வீட்டுக்குள் வந்துசேரும். குடியிருப்புக்கு வெளியே உள்ள ஒருவரிடம் அனுப்பிவைத்தேன். சில மாதங்கள் முகங்கொடுத்துப் பேசாதவர், பிறகு தாமாகவே நன்றி சொன்னார்.

2025 ஜனவரியில் கோமா பகுதிச் சண்டையில் நம் வீரர்கள் 14 பேர் உயிரிழந்தபோது என் கணவரும் காங்கோவில்தான் இருந்தார். சொற்களை மெதுவாக, மூச்சை விட்டுத் தொடங்கு என்று குழந்தைகளுக்குச் சொல்லும் என்னால், அந்த வாரத்தில் ஒரு பயிற்சியைக்கூட ஒழுங்காக நடத்த முடியவில்லை. அப்படிப்பட்ட நாள்களில் நோயாளிகளை ஏற்றுக்கொள்ள ஒரு சக சிகிச்சையாளரை முன்கூட்டியே பேசிவைத்திருந்ததால்தான் சமாளித்தேன். தனியாகத் தொழில் நடத்தும் எவருக்கும் இந்த ஏற்பாடு இல்லாமல் ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

சைமன்ஸ் டவுனிலிருந்து, மீண்டும்:

தங்கைக்கு இன்னொன்று. தரைப்படையைப் போல நாடெங்கும் முகாம்கள் கடற்படைக்குக் கிடையாது. முதன்மைத் தளம் சைமன்ஸ் டவுன். டர்பனில் சாலிஸ்பரி தீவு. தலைமையகப் பணி என்றால் ப்ரிட்டோரியா. பெரும்பாலும் இவற்றுக்குள்தான் சுற்றவேண்டியிருக்கும் என்பதால், சூலு உங்களுக்கு ஏற்கெனவே ஓரளவு தெரியுமென்றால், திருமண வேலைகளுக்கு நடுவிலும் ஆஃப்ரிகான்ஸ் வகுப்பில் இப்போதே சேர்ந்துவிடுங்கள். படஅட்டைகள் வேண்டுமென்றால் என்னிடம் இரண்டு ஊருக்கும் உரியவை இருக்கின்றன, அனுப்பிவைக்கிறேன்.