ராயபுரத்தில் 1966 எம்.ஜி.பி. வாங்கலாமா?

தண்டையார்பேட்டைவாசி: ராயபுரத்தில் ஒரு வீட்டு ஷெட்டில் 1966 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், அதாவது கூரை திறக்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், விலைக்கு வந்திருக்கிறது. சிவப்பு பெயின்ட், ஸ்போக் வீல், புது சீட், எல்லாம் பளபளப்பு. முழுசா ரெஸ்டோர் செய்ததாம். போய் எதைப் பார்க்கணும்?

வியாசர்பாடி மெக்கானிக்: பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீங்க தம்பி. இதற்குத் தனி சேசி (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் எல்லாவற்றையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பகுதி அரித்துப் போனால் வண்டியே போச்சு. காசிமேட்டு உப்புக்காற்று வேறு! ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி சில் மேல் நகர்த்துங்க. ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான். அப்புறம் ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்க. கதவு இடுக்கு சுருங்கினால் பாடி வளைகிறது என்று அர்த்தம், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

இன்ஜினுக்குப் பயம் வேண்டாம். 1798 சிசி, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். நம்ம பழைய அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜினும் இதே பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி-சீரிஸ் இன்ஜின் குடும்பம்தான். கை பழகின ஆள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கான்.

தண்டையார்பேட்டைவாசி: நன்றி அண்ணே. ஸ்டீரியோ மாட்டலாமா?

பெரம்பூர் எலக்ட்ரீஷியன்: பொறுங்க! அந்த வருஷ வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கும். ரெஸ்டோர் செய்தவர் அதை நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருக்கிறாரா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் இணைக்காதீங்க, ஸ்டீரியோ புகைந்துவிடும்.

வியாசர்பாடி மெக்கானிக்: ஆர்.சி.யில் உள்ள சேசி நம்பர் வண்டித் தகட்டோடு ஒத்துப்போகுதா பாருங்க. அதற்கு முன்னால் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.