சப்வூஃபருக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

அன்பர்களே,
வீட்டு ஸ்டீரியோவில் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையரோடு சப்வூஃபர், அதாவது மிகக் கீழான ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி, சேர்ப்பது பற்றிய பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாணவர்கள் கையில் கம்பியை வைத்துக்கொண்டே படிக்கப் போவது. என் வரைவில் ஒரு வரி: "ஒலிபெருக்கியின் 8 ஓம் முனையிலிருந்து தாழொலிபெருக்கிக்குக் கம்பி எடுக்கவும்." ஆம்ப்ளிஃபையரும் ஒலிபெருக்கி, ஸ்பீக்கரும் ஒலிபெருக்கி. எந்தப் பெட்டியின் முனை என்று மாணவருக்கு எப்படித் தெரியும்?
கி.

*

கி. அம்மா, ஸ்பீக்கரை 'ஒலிப்பான்' என்றாலே பாதிக் குழப்பம் தீரும். மீதிக்கு இசைத்தமிழில் சொல் இருக்கிறது: மெலிவு, சமன், வலிவு. கீழ்த்தாயி, அதாவது கீழ்ச்சுர வரிசை, மெலிவு. ஆகவே மெலிவொலிப்பான்.
வேர்வழி போனாலும் தமிழுக்கு வளம்தான். கீழொலி ஸ்பீக்கரான வூஃபர் நாய்க் குரைப்பிலிருந்தும் மேலொலி ஸ்பீக்கரான ட்வீட்டர் குருவிக் கீச்சிலிருந்தும் வந்தவை. குரைப்புக்கும் கீழே நாய்க்கு என்ன ஒலி? உறுமல்! வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் உறுமி மேளம் நம்மிடம் உண்டு. 'உறுமி' என்றே வைத்தால் என்ன?
மு.

*

> 'உறுமி' என்றே வைத்தால் என்ன?

ஐயா, கையேட்டின் பழுதுப் பகுதியைப் பாருங்கள். பெருக்கிக்கும் சப்வூஃபருக்கும் தனித்தனி எர்த், நடுவே கறுப்புக் கம்பி வழியாக இன்னொரு இணைப்பு. சுற்று மூடிக்கொண்டு 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கும். "உறுமி உறுமினால்" என்று எழுதினால் பழுது எது, கருவி எது? (அதற்காக எர்த் பின்னைக் கழற்றச் சொல்லிவிடாதீர்கள். வால்வுப் பெருக்கிக்குள் 300 வோல்ட் சாதாரணம். இரண்டு பிளக்கையும் ஒரே பலகையில் செருகிப் பார்க்கட்டும்.)
மெலிவு என்றால் இன்றைக்கு இளைப்பு. அறையையே அதிரவைக்கும் பெட்டிக்கு அது ஒட்டாது.

அந்த வரியும் குறை. தனக்கென மின்பெருக்கி உள்ள, ஸ்பீக்கர் முனைகளிலிருந்து சிக்னல் வாங்கும் உள்ளீடு உள்ள சப்வூஃபர் என்று எழுதுங்கள். பெரும்பாலும் சிவப்புக் கம்பி வலது பிளஸுக்கு, மஞ்சள் இடது பிளஸுக்கு, கறுப்பு ஏதாவது ஒரு மைனஸுக்கு. அந்த உள்ளீடு பல்லாயிரம் ஓம் என்பதால் வால்வுக்குச் சுமையே தெரியாது. மின்பெருக்கி இல்லாத 4 ஓம் பெட்டியை 8 ஓம் ஸ்பீக்கரோடு பக்க இணைப்பில் போட்டால் மொத்தம் 2.67 ஓம், 12 வாட் பெருக்கி திணறிவிடும்.
இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்: சப்வூஃபர் மாட்டியாயிற்று என்று ஸ்பீக்கரைக் கழற்றக் கூடாது. சுமை இல்லாமல் பாட்டு ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்றில் மின்னழுத்தம் எகிறி, காப்பு வெந்துபோகும்.
ச.

*

தாழ் + ஒலி = தாழொலி. வினைத்தொகை, புணர்ச்சியிலும் பிழையில்லை. தாழொலிப்பான் போதாதா?
கி.

*

தாழ்ந்த குரலில் பேசு என்றால் நம் ஊரில் மெதுவாகப் பேசு என்றுதான் பொருள். பெட்டியின் பின்னால் இரண்டு குமிழ் இருக்கிறது: ஒன்று ஒலி அளவு, மற்றது அதிர்வெண். "தாழ்த்து" என்றால் எதைத் திருப்புவது? மக்கள் சொல்வது கட்டைக் குரல். கட்டையொலிப்பான் என்று வையுங்கள்.
அதிர்வெண் குமிழை 40 ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். ஸ்பீக்கரின் ஒலி 55 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைவதானால் குமிழ் 55-இன் அருகே நிற்கும். 80-ஐத் தாண்டினால் ஒலி எந்த மூலையிலிருந்து வருகிறதென்று காது காட்டிக்கொடுத்துவிடும்.
ச.

*

நாலு கட்டை, ஐந்தரைக் கட்டை என்று பாடகர் சொல்வதைக் கேட்டதில்லையா? கட்டை ஏறினால் சுருதி ஏறுகிறது. கட்டை என்பது சுருதியின் அளவு, கீழ் அல்ல.
மு.

*

இதைவிடப் பெரிய ஆபத்து 'பாஸ்'. தமிழில் எழுதினால் கீழ்ச்சுரமும் பாஸ் (bass), வடிகட்டி விடுவதும் பாஸ் (pass). "ஹை பாஸ்" என்பதை "பாஸ் அதிகம்" என்று படிப்பவர் உண்டு. மேல்விடு வடிகட்டி, கீழ்விடு வடிகட்டி என்று எழுதினால் தப்பலாம்.
வால்வுப் பெருக்கிக்கு, மேல் அதிர்வெண்ணை விட்டுக் கீழதைத் தடுக்கும் மேல்விடு வடிகட்டி நல்லது. கீழ் அதிர்வெண்ணில்தான் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகம் முதலில் காந்த நிறைவடைகிறது. உள்ளீடு 100 கிலோ ஓம் என்றால் 0.022 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைத் தொடரில் போட்டால் வெட்டு, அதாவது ஒலி குறையத் தொடங்கும் இடம், 72 ஹெர்ட்ஸ். ஆனால் அப்போது ச. சொன்ன ஸ்பீக்கர் முனை இணைப்பு உதவாது, அங்கே அடி ஒலி ஏற்கெனவே குறைந்திருக்கும். மின்தேக்கிக்கு முன்னால், பிரீஆம்பிலிருந்தே (பெருக்கிக்கு முந்தைய நிலை) எடுக்க வேண்டும்.
ப.

*

ப. அம்மாவின் வடிகட்டிச் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆம்ப்ளிஃபையர் பெருக்கி, ஸ்பீக்கர் ஒலிப்பான். பெரும்பாலோர் சாய்வதால் கட்டையொலிப்பான். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் முறை மட்டும் சப்வூஃபர் என்றும் சேர்த்து வரும்.
கி.

*

அச்சு அவசரம் புரிகிறது. சொற்பட்டியலில் மெலிவொலிப்பானையும் ஒரு வரி சேருங்கள். சுருதிப் பெட்டியில் ஒன்றாம் கட்டை, இரண்டாம் கட்டை என்று பார்த்துப் பழகிய மாணவர், கட்டையொலிப்பான் எந்தக் கட்டைக்கு என்று கேட்பார். ஒலியலையை நேராகவோ தலைகீழாகவோ அனுப்பும் 0, 180 என்ற ஃபேஸ் சுவிட்சுக்கு நீங்கள் போட்டிருக்கும் 'கட்டம்' வேறு அடுத்த வரியிலேயே நிற்கிறது.
மு.