வாய்க்கால் வீதியில சைக்கிள் ஓடேக்கை எதிர்ப்படுறவையோட எப்பிடிக் கதைக்கிறது?

கிறவல்றோட்டு:
கிளிநொச்சி இரணைமடுக் குளத்து வாய்க்கால் வீதியால விடிய ஆறு பேராச் சைக்கிள் ஓடுறம். நடக்கிறவை, பால் கொண்டு போறவை, வயலுக்குப் போறவை எண்டு நிறையச் சனம். பின்னால வந்து பெல் அடிச்சா, திடுக்கிட்டு நாங்கள் விலத்திப் போற பக்கமே வருகினம். "ஹாய்" சொன்னால் பதிலும் இல்லை. எதிலை பிழை விடுறம்?

குளக்கட்டு:
பெல்லைப் பிந்தி அடிக்கிறியள். 20 கிலோமீற்றர் வேகத்தில செக்கனுக்கு ஐஞ்சரை மீற்றர் ஓடும். ஐஞ்சு மீற்றருக்குள்ள அடிச்சால், நடக்கிறவருக்கு ஒரு செக்கன்கூட இல்லை. அவர் வலத்தோளுக்கு மேலால திரும்பிப் பார்ப்பார், தலை திரும்பக் காலும் அந்தப் பக்கம் போகும். நீங்கள் விலத்துறதும் வலப்பக்கத்தாலதானே. 25 மீற்றருக்கு முன்னமே ஒருக்கால் மெல்ல அடியுங்கோ. 10 மீற்றரில வேகத்தைக் குறைச்சு வாயால சொல்லுங்கோ: "ஐயா, வலப்பக்கத்தால வாறம்." சோளகக் காத்து எதிர்த்து வீசேக்கை பெல் சத்தம் முன்னுக்குப் போகாது, அப்ப வேகத்தை இன்னும் குறைச்சு, கிட்டப் போய்ச் சொல்லவேணும்.

ஆறு பேரும் ஆளுக்காள் வணக்கம் சொல்லவேண்டாம். முன்னுக்குப் போறவர் "பின்னால ஐஞ்சு பேர் வருகினம்" எண்டு சொல்லட்டும். கடைசி ஆள் "இவ்வளவுதான் ஐயா" எண்டால் அவர் நிம்மதியா வீதிக்கு ஏறுவார்.

தட்டிவான்:
"ஹாய்"க்குப் பதில் வராததுக்குக் கறுப்புக் கண்ணாடியும் ஒரு காரணம். ஹெல்மெட்டும் அதுவும் சேர்ந்தால் ஆரெண்டே தெரியாது. எங்கட ஆக்களுக்கு வணக்கம் ஒரு கேள்வி: "என்ன ஐயா, வயலுக்கோ?", "அக்கா, சுகமோ?" அதைக் கேட்டுப் பதில் வாங்கிற அளவுக்கு வேகம் குறையவேணும். சும்மா கத்திக்கொண்டு பறந்தால் அது வணக்கமில்லை.

கை காட்டிறதெண்டால் வலக்கை. இடக்கை காட்டினால் மரியாதையில்லை. அதோட எங்கட சைக்கிள்களில பெரும்பாலும் வலக்கைப் பிறேக்தான் முன் சில்லுக்கு. இடக்கை பின் பிறேக்கில இருந்தால் கிறவலில சறுக்காமல் நிப்பாட்டலாம். உங்கட சைக்கிளில எது எதெண்டு ஒருக்கால் பார்த்து வையுங்கோ. மணல் திட்டியிலயும் கரியரில பாரம் இருந்தாலும் கையே எடுக்கவேண்டாம், தலையாட்டினால் போதும். பால் கானோ விறகோ கட்டிக்கொண்டு வாறவருக்கு நீங்கள்தான் ஒதுங்கி வழி விடவேணும். அவர் நிண்டால் திருப்பி ஏறி உழக்கிறது பெரும்பாடு.

கிறவல்றோட்டு:
விளங்குது அண்ணை. ஒராளின்ர பெல் "டொக்" எண்டுதான் கேக்குது. மாத்தவேணுமோ?

குளக்கட்டு:
வேண்டாம் தம்பி. மேல் மூடியை இடப்பக்கமாச் சுத்திக் கழட்டுங்கோ. உள்ள செம்புழுதி அப்பியிருக்கும். காஞ்ச சீலையால துடைச்சு, பல்லுச்சில்லின்ர அச்சுக்கு மட்டும் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. மூடியின்ர உட்பக்கம் எண்ணெய் பட்டால் புழுதி திரும்ப ஒட்டும். பூட்டின பிறகு மூடி பிறேக் கேபிளில முட்டுதோ பாருங்கோ, முட்டினால் சத்தம் செத்துப்போகும்.

தட்டிவான்:
மாட்டுப்பட்டிக்குப் பெல் அடிக்காதேங்கோ, கலைஞ்சு ஓடும். தாய் ஒரு பக்கம், கண்டுக்குட்டி மற்றப் பக்கம் நிண்டால் நடுவால போகவும் கூடாது. மேய்க்கிறவரிட்டைக் கேளுங்கோ, "அண்ணை, எந்தப் பக்கத்தால?" எண்டு.

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் போனால் இன்னொண்டு. எதிர்ல வாறவர் உள்ளங்கையைக் காட்டி நிக்கச் சொன்னால், வணக்கமெண்டு நினைச்சுக் கையாட்டிப் போட்டுப் போகாதேங்கோ. முன்னால யானை நிக்கலாம்.