புதுப்பிப்பு: 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70

வால்நட் மரக் கட்டையும் (தோளில் அணைத்துப் பிடிக்கும் பகுதி) நீலமேறிய எஃகுமாக இருக்கும் பழைய வேட்டை ரைஃபிள்களைப் பற்றி இந்த இழையில் எழுதியிருந்தேன். "1964-க்கு முந்தையதற்கு மட்டும் ஏன் அவ்வளவு மவுசு?" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

வின்செஸ்டர் நிறுவனத்தின் வேட்டை ரைஃபிளான மாடல் 70 அமெரிக்காவில் 1936-இல் வந்தது. 1964-இல் செலவைக் குறைக்க அதை மாற்றினார்கள். மௌசர் என்ற ஜெர்மன் ரைஃபிளின் பாணியில் தோட்டாவைக் கவ்விக்கொண்டு உள்ளே தள்ளும் பெரிய கொக்கி போனது. கட்டையில் கையால் வெட்டிய கட்டக்கோடுகளுக்குப் பதிலாக அச்சில் அழுத்திய கோலம் வந்தது. விரலை வைத்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்: வெட்டியது சுரசுரவென்று பிடி கொடுக்கும், அழுத்தியது வழுக்கும். வேட்டைக்காரர்கள் கொதித்ததில் ஆச்சரியமே இல்லை. கொக்கி 1990களில் திரும்பி வந்தது.

அப்புறம் அந்த நீலம். அது பெயிண்ட் இல்லை, அடக்கி வைத்த துரு! பழைய முறையில் எஃகை மெல்லியதாகத் துருப்பிடிக்க விட்டு, கொதிநீரில் போடுவார்கள், செந்துரு கறுத்துவிடும். கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. எண்ணெய் தடவாமல் விட்டால் நிஜத் துரு வந்துவிடும்.

மரத்துக்கும் குறை உண்டு. ஈரத்தில் உப்பிக் குழலை நெருக்கினால் குறி விலகும். மழைக்காட்டுக்கு என்றால் பிளாஸ்டிக் கட்டைதான் புத்திசாலித்தனம். எனக்கென்னவோ அதைப் பார்க்கவே பிடிக்காது.