கிரீன்லாந்து: நட்பு நாட்டின் மண்ணைக் கேட்பது ஏன் தவறு?

கேள்வி – குடியாத்தம் ஆசிரியர்

வணக்கம். மேல்நிலை வகுப்பில் வரலாறு நடத்துகிறேன். டென்மார்க்கைச் சேர்ந்த கிரீன்லாந்தை அமெரிக்கா கேட்பது பற்றிய பேச்சு வந்தபோது ஒரு மாணவி, "அமெரிக்காவும் டென்மார்க்கும் 1949 முதல் நேட்டோ இராணுவக் கூட்டணியில் ஒன்றாக இருக்கும் நாடுகள்தானே, பாதுகாப்புக்கென்று கேட்கும்போது கொடுத்தால்தான் என்ன?" என்று கேட்டாள். கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வலியவன் எளியவனை மிரட்டக் கூடாது என்பதற்கு மேல் ஆதாரத்தோடு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

பதில் – ஆற்காட்டு வாசகர்

ஐயா, பாதுகாப்புக்காக நிலம் கைமாற வேண்டியதே இல்லை. 1951இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அமெரிக்கா அங்கே படைத்தளம் வைத்துக்கொள்ளலாம். முன்பு தூலே என்று வழங்கிய பிட்டுஃபிக் தளம் இன்றும் இயங்குகிறது. பனிப்போர்க் காலத்தில் வேறு தளங்களும் இருந்தன, அவற்றைக் காலி செய்தது அமெரிக்காதான். நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால், குத்தகை கையில் இருக்கும்போதே பட்டா கேட்கிறார்கள்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உங்கள் மாணவி தொலைவில் தேட வேண்டாம். பாலாற்றங்கரையில் எங்கள் ஊர்க் கோட்டையில் எஞ்சி நிற்பது டெல்லி கேட் என்னும் வாயில். 1751இல் கிளைவ் அந்தக் கோட்டையைப் பிடித்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கியது, நண்பரான முகமது அலியை நவாபாக்குவதற்காகத்தான். பிறகு போர்ச் செலவு நவாபின் தலையில் விழுந்தது, கடன் வட்டியோடு வளர்ந்தது, 1763இல் செங்கல்பட்டுப் பகுதி கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, ஜாகீராக (வருவாய் மானியமாக) போனது. 1801இல் திப்புவோடு இரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டி நாட்டையே கேட்டார்கள். வாரிசான அலி உசேன் மறுத்தார். அவரை ஒதுக்கிவிட்டு, இணங்கிய அசீமுத்தௌலாவிடம் ஜூலை 31 அன்று கையெழுத்து வாங்கினார்கள். அவருக்குக் கிடைத்தவை பட்டமும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை இதுதான்.

பதில் – காட்பாடி

ஆற்காட்டு ஒப்பீடு எனக்கு முழுதாகப் பொருந்தவில்லை. டென்மார்க் அந்த நவாபைப் போல் கடனில் சிக்கிய நாடு அல்ல. மேலும் 1917இல் கரீபியன் தீவுகளை அதே டென்மார்க் அதே அமெரிக்காவுக்கு 2.5 கோடி டாலர் தங்கத்துக்கு விற்றிருக்கிறது. அன்று சரியானது இன்று எப்படித் தவறாகும்?

பதில் – வேலூர் வழக்கறிஞர்

அன்றும் அது சரியானது அல்ல என்பதே என் கருத்து. விற்பனைக்கு முன் டென்மார்க்கில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. அந்தத் தீவுகளில் வாழ்ந்தவர்களுக்கு அதில் வாக்கு இல்லை. 1946இல் டுரூமன் அரசு கிரீன்லாந்துக்குப் பத்துக் கோடி டாலர் தருவதாகச் சொன்னபோது டென்மார்க் மறுத்துவிட்டது.

இன்று நிலைமை இன்னும் தெளிவானது. அச்சுறுத்தியோ படைபலத்தாலோ பிற நாட்டின் நிலத்தை எடுக்கக் கூடாது என்பது ஐ.நா. சாசனத்தின் விதி. அதோடு, 2009ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டம் கிரீன்லாந்து மக்களைத் தன்னுரிமை உள்ள ஒரு மக்களினமாக ஏற்றுக்கொள்கிறது. ஆகவே "கொடுத்தால் என்ன" என்று கேட்கும் மாணவியிடம், கொடுப்பது யார் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். அங்குள்ள ஏறத்தாழ 57,000 பேரைக் கேட்காமல் கோபன்ஹேகன் எதையும் விற்க முடியாது. 2025 ஜனவரியில் எடுத்த கருத்துக்கணிப்பில் 85 விழுக்காட்டினர் அமெரிக்காவோடு சேர விரும்பவில்லை என்றார்கள்.

டென்மார்க்கைப் புனிதமாக்கவும் வேண்டாம். 1953இல் தூலே தளத்துக்காக அங்கு வாழ்ந்த இனுகுயிட் பழங்குடிக் குடும்பங்களைச் சில நாள் அவகாசத்தில் வடக்கே கானாக்குக்கு அப்புறப்படுத்திய அரசு அதுதான். பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் ஒப்புதலின்றிக் கருத்தடைச் சாதனம் பொருத்தியதற்கு 2025இல்தான் மன்னிப்புக் கேட்டது. இத்தனைக்குப் பிறகும் அம்மக்கள் இன்னொரு எசமானரை விரும்பவில்லை என்பதை நான் மிகுந்த மதிப்போடு பார்க்கிறேன்.

காட்பாடி நண்பர் கடனைப் பற்றிச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். ஆப்கானிஸ்தானில் அமெரிக்காவோடு நின்று 40க்கும் மேற்பட்ட டேனிஷ் வீரர்கள் உயிரிழந்தார்கள். கணக்குப் பார்த்தால் கடன் எந்தப் பக்கம் என்பது தெரியும். 2026 ஜனவரியில் கிரீன்லாந்து விவகாரத்தில் டென்மார்க் உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நாடுகள்மீது பிப்ரவரி முதல் 10 விழுக்காடு வரி விதிப்பதாக டிரம்ப் அறிவித்தார். எட்டு நாடுகளும் சேர்ந்து ஒரே அறிக்கையாக மறுப்புச் சொல்லின. சில நாட்களிலேயே டாவோஸ் உலகப் பொருளாதார மாநாட்டில் படைபலத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்றும், பின்னர் அந்த வரி இல்லை என்றும் அவர் சொன்னார். அலி உசேன் மறுத்தபோது அவர் பக்கம் நிற்க அப்படி ஒருவரும் இல்லை.