செல்ஃப் அடிக்குது, வண்டி எடுக்கல: உங்க கைக்கு வந்த வண்டியைச் சொல்லுங்க (மெக்கானிக்குகள் எழுதினது; ஒவ்வொண்ணுக்கும் மேல எழுதினவர் பேர்)

ஒத்தக்கடை டீசல்

திருமங்கலத்துல இருந்து கட்டி இழுத்துட்டு வந்த காமன் ரயில் டீசல் கார் (எல்லா இன்ஜெக்டருக்கும் 'ரயில்'ங்கிற ஒரே குழாயில இருந்து ஹை பிரஷர்ல டீசல் போற வகை). இன்னமும் உறுத்துறதால எழுதுறேன். செல்ஃப் நல்லா சுத்துது, வண்டி பிடிக்க மாட்டேங்குது. இங்க வர்றதுக்கு முன்னாடியே வேற ஒர்க்‌ஷாப்ல டீசல் ஃபில்டர் மாத்தி, நாலு இன்ஜெக்டரையும் கழட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பி, கடைசியா ஹை பிரஷர் பம்பு போகணும்னு எஸ்டிமேட் போட்டாச்சு. வண்டிக்காரர் பணம் புரட்ட அலைஞ்சுக்கிட்டு இருந்தார்.

செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் போர்டைப் பாத்தா ஆர்பிஎம் முள் பூஜ்யத்துலயே படுத்துக் கிடக்கு. துளி அசைவு இல்ல. இன்ஜின் சுத்துறது நம்ம காதுக்குக் கேக்குது, இசியூவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) தெரியல. ஸ்கேனரை மாட்டினா லைவ் டேட்டாலயும் ஆர்பிஎம் 0. இன்ஜின் சுத்துறதை இசியூவுக்குச் சொல்ற கிராங்க் சென்சார் சிக்னல் வராட்டி ரயில்ல எம்புட்டு பிரஷர் இருந்தாலும் இசியூ இன்ஜெக்டரைத் திறக்காது. அப்புறம் பம்பை மாத்தி என்ன ஆகப் போகுது?

சென்சார் கப்ளருக்கு (வயரைச் சொருகுற இணைப்பு) நாலு விரக்கடை பின்னாடி எலி கடிச்சிருந்துச்சு. வயர் உறை நார் நாரா தொங்குது, உள்ள செம்பு பச்சை பூத்து, தொட்டதும் உதிருது. கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்து, அதே கனத்துல வயர் சேத்து சாலிடர் வச்சு, ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு, ரெண்டு வயரையும் பழையபடி முறுக்கி விட்டதும் வண்டி பிடிச்சிருச்சு. அந்த முறுக்கு சும்மா அழகுக்கு இல்ல. நேரா விட்டா ஆல்டர்னேட்டர் பக்கமிருந்து வர்ற இரைச்சல் சிக்னல்ல கலந்துரும்.

ரெண்டு வயர் காயில் டைப் சென்சார்னா கப்ளரைக் கழட்டி மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சுப் பாருங்க. வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலும் சில நூறு ஓம்ஸ்ல இருந்து ஆயிரத்துச் சொச்சம் வரைக்கும் காட்டும். ஒண்ணுமே காட்டலைன்னா காயில் கட். ஓம்ஸ் சரியா இருந்தா மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாத்தி, ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அரை வோல்ட்டாவது ஆடணும். அதுவும் சரின்னா சென்சாரை விட்டுட்டு வயரைப் பிடிச்சு இசியூ வரைக்கும் போங்க.

பழங்காநத்தம் எலக்ட்ரிக்

அண்ணே, முள்ளை நம்பி முடிவு எடுக்கச் சொல்லாதீங்க. சில வண்டியில செல்ஃப் சுத்துற 200, 250 ஆர்பிஎம்முக்கு மீட்டர் போர்டு முள்ளைத் தூக்கவே தூக்காது, சிக்னல் கச்சிதமா வந்தாலும். முள் அசைஞ்சா சென்சார் உயிரோட இருக்குன்னு சொல்லலாம். அசையலைங்கிறதுக்காகச் செத்துப்போச்சுன்னு சொல்ல முடியாது. ஸ்கேனர் லைவ் டேட்டாதான் சாட்சி.

இன்னொண்ணு, மூணு வயர் ஹால் டைப் சென்சார்ல ஓம்ஸ் வைக்கவே கூடாது. உள்ள எலக்ட்ரானிக்ஸ் இருக்கு, வர்ற நம்பருக்கு அர்த்தம் கிடையாது. சாவி ஆன்ல சப்ளை வயர்ல 5 இல்லாட்டி 12 வோல்ட், எர்த் வயர்ல எர்த், இந்த ரெண்டும் சரியான்னு பாத்துட்டு, இன்ஜினைக் கையால சுத்தி சிக்னல் வயர்ல வோல்ட் ஏறி இறங்குதான்னு பாக்கணும்.

நம்ம கைக்கு வந்தது சிம்மக்கல் பக்கம் ஓடுற பெட்ரோல் டாக்ஸி. பம்பு புதுசு, ரிலே புதுசு, ஆனா வண்டி எடுக்கல. "பம்பு கப்ளர்ல 12 வோல்ட் வருது சார்"னு மீட்டரை நீட்டிக் காட்டுறாங்க. அதே கப்ளர்ல 21 வாட்ஸ் பல்பு டெஸ்ட் லேம்பை வச்சா தீக்குச்சி நுனி மாதிரி மினுக்குன்னு ஒரு சிவப்பு, அம்புட்டுத்தான். வயர் நடுவுல ஒரு ஜாயிண்ட் துருவேறி ரெண்டே இழையில நின்னுக்கிட்டு இருந்துச்சு. மீட்டர் கரண்ட் இழுக்காது, அதனால 12 காட்டும். பம்பு நாலைஞ்சு ஆம்பியர் இழுக்கும்போது வோல்ட் விழுந்துரும். எர்த் பக்கமும் இதே கதைதான். பம்பு ஓடும்போது பம்பு எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல அரை வோல்ட்டுக்கு மேல காட்டுச்சுன்னா எர்த்தைச் சுரண்டிப் போடுங்க.

"செல்ஃப் நல்லா சுத்துது"ன்னு காதால சொல்றதும் பத்தாது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில 9.6 வோல்ட்டுக்குக் கீழ போச்சுன்னா முதல்ல பேட்டரி. மோட்டார் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும், ஆனா இசியூ நடுவுல அணைஞ்சு அணைஞ்சு எழும்.

வில்லாபுரம் பிஎஸ்6

ஏர் ஃபில்டர்ல ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிச்சா டீசல் வராததா, வேற கோளாறான்னு உடனே தெரிஞ்சிருமே? மாட்டுத்தாவணியில ஒரு வேனுக்கு அப்படித்தான் எடுத்தாங்க.

ஒத்தக்கடை டீசல்

தம்பி, ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் பண்ண சிலிண்டரைச் சூடாக்குற பிளக்) இருக்கிற டீசல் இன்ஜின்ல ஸ்ப்ரே அடிக்கவே அடிக்காதீங்க. ஹீட்டர் பிளக் சிவந்து நிக்கிற நேரத்துல ஸ்ப்ரேல இருக்கிற ஈதர் உள்ள போனா பிஸ்டன் மேல வர்றதுக்கு முன்னாடியே வெடிக்கும். ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும். பெட்ரோல் வண்டியில ஒரே ஒரு சின்ன பீய்ச்சல், அதுவும் ஸ்பார்க் இருக்குன்னு பாத்த பிறகு. ரெண்டு செகண்ட் ஓடி அணைஞ்சா பெட்ரோல் லைன் பக்கம் போகலாம்.

பழங்காநத்தம் தம்பி முள்ளைப் பத்திச் சொன்னது சரி. ஆனா ஸ்கேனர் கையில இல்லாதவங்க முதல்ல பாக்க வேண்டியது முள்ளைத்தான்.

மேலூர் டிராக்டர்

எல்லாரும் சென்சாரைப் பத்தியே பேசுறீங்க. பெரியாறு கால்வாய்ப் பக்கம் உழவு நேரத்துல நிக்கிற வண்டிக்கு இசியூவே கிடையாது.

தொளியில நின்ன டிராக்டர். செல்ஃப் அடிச்சா வெள்ளைப் புகைகூட வரல, அப்படின்னா சிலிண்டருக்கு டீசல் போகலன்னு அர்த்தம். ஏர் எடுத்தா (டீசல் லைன்ல சிக்கின காத்தை வெளிய விட்டா) ஓடுது, கொஞ்ச நேரத்துல நிக்குது. மறுபடி ஏர், மறுபடி ஓட்டம். டேங்க் மூடியைத் திருகினதும் 'புஸ்'ஸுன்னு காத்து உள்ள இழுத்துச்சு. மூடியில இருக்கிற மூச்சு ஓட்டையைச் சேறு அடைச்சிருக்கு. டீசல் இறங்க இறங்க டேங்க்ல வெற்றிடமாகி, ஃபீட் பம்பால இழுக்க முடியல. ஊக்கை வச்சுக் குத்திச் சேறை எடுத்ததோட வேலை முடிஞ்சது.

ஏர் எடுக்கிறதையே பாதிப் பேர் தப்பாச் செய்றாங்க, அதையும் சொல்லிடுறேன். முதல்ல ஸ்டாப் கேபிள் முழுசா உள்ள போயிருக்கான்னு பம்புல இருக்கிற நெம்பையே கண்ணால பாருங்க. கேபிள் துருப்பிடிச்சா கைப்பிடி உள்ள போகும், நெம்பு அப்படியே நிக்கும். டேங்க்ல பாதிக்கு மேல டீசல் இருக்கட்டும். முதல் ஃபில்டர் மேல இருக்கிற ஏர் ஸ்குரூவை ரெண்டு சுத்து தளர்த்தி, ஃபீட் பம்பு கைப்பிடியை அடிச்சுக்கிட்டே இருங்க. நுரையா வரும், அப்புறம் குமிழியா வரும், அப்புறம் குமிழி இல்லாம கண்ணாடி மாதிரி டீசல் வழியும். அது வழியும்போதே ஸ்குரூவை இறுக்கணும், நின்ன பிறகு இறுக்கினா காத்து திரும்ப உள்ள போயிரும். அதே மாதிரி ரெண்டாவது ஃபில்டர், அப்புறம் பம்பு. இந்த வரிசை மாறக் கூடாது. கடைசியா நாசில் (சிலிண்டருக்குள்ள டீசலைப் பீய்ச்சுற முனை) பக்கம் பைப் நட்டை அரைச் சுத்து தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுசா வச்சு செல்ஃப் அடிங்க. டீசல் பீய்ச்சினதும் இறுக்குங்க. ஒரு தடவைக்கு 10 செகண்டுக்கு மேல செல்ஃப் அடிக்காதீங்க, அடுத்த தடவைக்கு அரை நிமிஷமாவது ஆறட்டும்.

கழட்டின இடத்துல பழைய செம்பு வாசரையே திரும்பப் போடுறாங்க பாருங்க, அதுதான் மறுநாள் பிரச்சனை. டேங்க்ல இருந்து ஃபீட் பம்பு இழுக்கிற பக்கத்துல நசுங்கின வாசர் டீசலை வெளிய விடாது, காத்தை உள்ள இழுக்கும். வெளிய ஒரு சொட்டுகூட கசியாததால யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டாங்க. ஃபில்டருக்கு முன்னாடி ஒரு ஜாண் உள்ள தெரியுற டியூப் மாட்டி ஓட்டிப் பாத்தா குமிழி போறது தெரிஞ்சிரும்.

ஒத்தக்கடை டீசல்

மேலூர் அண்ணே சொன்ன நாசில் நட்டு வேலை பழைய பம்பு வண்டிக்கு மட்டும். இதைப் படிச்சுட்டு காமன் ரயில்ல யாரும் ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்திராதீங்க. ஓட்டத்துல 1600 பார், சில வண்டியில அதுக்கும் மேல போற லைன் அது, தோலைக் கிழிச்சுக்கிட்டு டீசல் உள்ள ஏறும். அதுல லோ பிரஷர் பக்கம் மட்டும்தான் ஏர் எடுக்கணும்.

உசிலம்பட்டி பெஞ்ச்

செல்ஃப் சத்தத்தை யாரும் சொல்லலையே. நம்ம கைக்கு வந்தது பெட்ரோல் கார், டைமிங் பெல்ட் (கிராங்க் சுத்துறதை வால்வைத் திறக்கிற கேம் தண்டுக்குக் கொண்டு போற பெல்ட்) வண்டி. நல்ல இன்ஜின்ல ஒவ்வொரு கம்ப்ரஷனுக்கும் மோட்டார் திணறும், 'உர்… உர்… உர்…'னு கேக்கும். இது தையல் மெஷின் கணக்கா ஒரே சீரா 'விர்ர்ர்'. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சாவியை ஆஃப் பண்ணணும். மேல் கவரைத் திறந்து பாத்தவங்க "பெல்ட் முழுசா இருக்கு"ன்னு மூடிட்டாங்க. பெல்ட் இருந்துச்சு, ஆனா கீழ கிராங்க் புல்லியில பிடிக்கிற இடத்துல மட்டும் பல்லு மொத்தமும் வழிச்சு எடுத்த மாதிரி போயிருந்துச்சு. பெல்ட் இருக்கான்னு பாக்காதீங்க, ஆயில் மூடியைக் கழட்டி, வேற ஒருத்தர் ஒரு நொடி செல்ஃப் தட்டும்போது கேம் சுத்துதான்னு பாருங்க. சுத்தலைன்னா அதோட நிறுத்திருங்க. திரும்பத் திரும்ப அடிச்சா பிஸ்டன் தட்டி வளையாத வால்வும் வளைஞ்சிரும்.

பழங்காநத்தம் எலக்ட்ரிக்

அதே 'விர்ர்ர்' பெல்ட் நல்லா இருந்தும் வரும் அண்ணே. பெட்ரோல் அதிகமாப் போய் சிலிண்டர் சுவத்து ஆயிலைக் கழுவிட்டா ரிங் பிடிமானம் போயிரும். ஹெட்டைத் தூக்குறதுக்கு முன்னாடி ஸ்பார்க் பிளக்கைக் கழட்டுங்க. ஈரமா பெட்ரோல் வாடை அடிச்சா, பம்பு ஃபியூஸை எடுத்துட்டு, பிளக் இல்லாம 5 செகண்ட் சுத்த விடுங்க. வெளிய பீய்ச்சுற பெட்ரோல் தீப்பிடிக்கும், அதனால முதல்லயே இக்னிஷன் காயில் கப்ளரையும் கழட்டிரணும். சிலிண்டருக்கு ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, காய்ஞ்ச பிளக்கை மாட்டுங்க. ஃபியூஸ், கப்ளர் ரெண்டையும் திரும்பப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தரையோட அமுக்கி செல்ஃப் அடிச்சா நிறைய வண்டியில இசியூ இன்ஜெக்டரை நிறுத்தி வச்சிரும். பிடிக்க ஆரம்பிச்சதும் காலை எடுங்க.

வில்லாபுரம் பிஎஸ்6

ஒத்தக்கடை அண்ணே, ஆர்பிஎம் வருது, ஆனா ரயில் பிரஷர் 70 பார்லயே நிக்குதுன்னா?

ஒத்தக்கடை டீசல்

பெரும்பாலான வண்டி 200 பாரை ஒட்டி வந்தாத்தான் இன்ஜெக்டரைத் திறக்கும். முதல்ல ஃபில்டருக்கு டீசல் தாராளமா வருதா, தண்ணி இல்லையான்னு அடியில இருக்கிற வடிகால் ஸ்குரூவைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சுப் பாருங்க. அது சரின்னா நாலு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் பைப்பையும் (மிச்ச டீசல் திரும்பிப் போற பைப்) கழட்டி, ஆளுக்கொரு ஒரே அளவு பாட்டில்ல விட்டு செல்ஃப் அடிங்க. மூணு பாட்டில்ல அடி நனையுற அளவும் ஒண்ணுல மட்டும் விரக்கடை உயரமும் இருந்தா அந்த இன்ஜெக்டர்தான் பிரஷரைக் குடிக்குது. நாலும் சமமாக் கொஞ்சமா இருந்தா அப்புறம் பம்பு மேல இருக்கிற மீட்டரிங் வால்வையும் (பம்புக்குள்ள போற டீசலை அளந்து விடுற வால்வு) பம்பையும் பாக்கணும்.